இணையக் கடையும் கூப்பன் கணக்கும்

கூப்பன் என்னும் சொல் நம் கிராமத்தாருக்குப் புதியதன்று. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் உணவுப் பங்கீடு வந்தபோது, சீட்டைக் காட்டினால்தான் தானியம் என்ற நிலை இருந்தது. குறைவாக இருந்த பொருள் எல்லோருக்கும் ஓரளவேனும் கிடைக்கவேண்டும் என்பதே அச்சீட்டின் நோக்கம். இன்று கைப்பேசியில் வரும் கூப்பனுக்கும் அதற்கும் பெயரொன்றே தவிர வேறு உறவில்லை. அன்றைய சீட்டு வாங்குவதற்கு வரம்பு கட்டிற்று. இன்றைய கூப்பனோ, இன்னும் சற்று வாங்குமாறு நம்மை அழைக்கிறது. ஆயினும் கணக்கறிந்து கையாண்டால் இதனாலும் குடியானவர் வீட்டில் நாலு காசு மிஞ்சும். அது எவ்வாறு என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

வியாபாரக் கூப்பனின் வரலாறு சுவையானது. அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் 1887-ஆம் ஆண்டில் கோக்க-கோலா பானத்துக்காக வழங்கப்பெற்ற இலவசச் சீட்டே இவ்வகையில் முதலாவது எனப் பெரும்பாலும் கருதப்படுகிறது. சீட்டைக் கொண்டு செல்பவருக்கு ஒரு குவளை பானம் இலவசம். முதற் குவளையை இலவசமாக அருந்தியவர் அடுத்த குவளைக்குக் காசு கொடுப்பார் என்பது வியாபாரியின் கணிப்பு. அக்கணிப்பு பிழைபடவில்லை என்பதை நாம் இன்று நம் ஊர்ப் பெட்டிக்கடையிலேயே காண்கிறோம்.

இணையக் கடைகள் கூப்பன் தருவதற்கு இஃது ஒன்றே காரணமன்று. சந்தையில் பேரம் பேசுபவருக்கு ஒரு விலை, பேசாதவருக்கு ஒரு விலை என்பது நமக்குத் தெரிந்த வழக்கம். கைப்பேசித் திரையுடன் பேரம் பேச இயலாதல்லவா? ஆகவே, விலையைப் பாராமல் வாங்குபவர் முழு விலையைக் கொடுத்துவிட்டுப் போகிறார். விலையை எண்ணித் தயங்குபவர் கூப்பனைத் தேடி எடுத்து அதற்குக் குறைவாகக் கொடுக்கிறார். இருவரிடமும் வியாபாரம் நடந்துவிடுகிறது. பொருளைக் கூடையில் போட்டுவிட்டுப் பணம் செலுத்தாமல் இரண்டொரு நாள் விட்டுவைப்போருக்குச் சில கடைகள் தாமாகவே கூப்பன் அனுப்புவதும் இதனால்தான். அவசரமில்லாத பொருளாயின் இவ்வாறு காத்திருந்து பார்ப்பதில் நட்டமில்லை.

கூப்பன் பல வகைப்படும். சிலவற்றில் எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு குறியீடு இருக்கும். பணம் செலுத்தும் கட்டத்தில் அதற்கென உள்ள கட்டத்தில் இட்டால் தொகை குறையும். சிலவற்றைப் பொருளின் பக்கத்திலேயே தொட்டுத் தெரிவுசெய்யவேண்டும். தொடாமல் போனால் சலுகை இல்லை. குறிப்பிட்ட வங்கியின் அட்டைக்கு மட்டும் உரியவை உண்டு. முதன்முறை வாங்குபவருக்கு மட்டும் உரியவை உண்டு. ஆனால் எந்த வகையாயினும் மூன்று நிபந்தனைகளைக் கட்டாயம் பார்க்கவேண்டும். குறைந்தது எவ்வளவு ரூபாய்க்கு வாங்கவேண்டும் என்பது ஒன்று. தள்ளுபடி அதிகபட்சம் எவ்வளவு என்பது மற்றொன்று. எந்தத் தேதியோடு காலாவதியாகிறது என்பது மூன்றாவது. பெரிய எழுத்தில் இருப்பது சலுகை. சிறிய எழுத்தில் இருப்பது நிபந்தனை.

இனி ஒரு கணக்கைப் பார்ப்போம். நெல் உலர்த்துவதற்குத் தார்ப்பாய் ஒன்று வேண்டியிருப்பதாக வைத்துக்கொள்வோம். இணையக் கடையில் அதன் அதிகபட்சச் சில்லறை விலை ரூ.3,600 என்று குறுக்குக் கோடிட்டுக் காட்டப்பட்டிருக்கிறது. விற்பனை விலை ரூ.1,900. ரூ.1,500-க்கு மேல் வாங்கினால் 10 சதவீதத் தள்ளுபடி என ஒரு கூப்பனும் இருக்கிறது. ஆனால் உச்சவரம்பு ரூ.150. எனவே ரூ.190 குறையும் என்று எண்ணியவருக்கு ரூ.150 மட்டுமே குறைகிறது. மீதி ரூ.1,750. இதனுடன் அனுப்புகைச் செலவு ரூ.80, கடையின் சேவைக் கட்டணம் ரூ.7 சேர்ந்து, கையை விட்டுப் போவது ரூ.1,837. திரையிலோ, “நீங்கள் ரூ.1,850 சேமித்தீர்கள்” என்ற வாழ்த்து வருகிறது!

அதே அளவும் அதே கனமும் உள்ள தார்ப்பாயை நகரத்துக் கடையில் விசாரித்தால் ரூ.1,800 என்கிறார்கள். போக வரப் பஸ் கட்டணம் ரூ.40. ஆக ரூ.1,840. கூப்பனால் உண்மையில் மிஞ்சியது மூன்று ரூபாய். நெல்லை ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு ஏற்றிக்கொண்டு எப்படியும் நகரத்துக்குப் போகவேண்டியிருந்தால், பஸ் கட்டணத்தையும் இக்கணக்கில் சேர்ப்பதற்கில்லை. அப்போது நகரத்துக் கடையே ரூ.37 மலிவு. அங்கே துணியைக் கையால் தடவிப் பார்த்து வாங்கலாம் என்ற சௌகரியமும் உண்டு.

இக்கணக்கில் திரை காட்டும் ரூ.1,850 எங்கிருந்து வந்தது என்பதை உணர்தல் அவசியம். அதிகபட்சச் சில்லறை விலை என்பது, வரிகள் உட்பட அதற்கு மேல் விற்கலாகாது என்னும் மேல்வரம்பு. பெரும்பாலான பொருள்களுக்கு அதனை உற்பத்தியாளரோ இறக்குமதியாளரோ தாமே அச்சிடுகின்றனர். அதனை உயர்த்தி அச்சிட்டால் தள்ளுபடியும் பெரிதாகத் தோன்றும். ஆதலால் சேமிப்பை அளப்பதற்கு அச்சிட்ட விலை அளவுகோலாகாது. அதே பொருள் அருகிலுள்ள கடையில் என்ன விலைக்குக் கிடைக்கிறது என்பதே சரியான அளவுகோல். ஒப்பிடும்போது பொருளும் ஒன்றாக இருத்தல் வேண்டும். தார்ப்பாயில் நீள அகலத்துடன் ஜி.எஸ்.எம். என்று குறிக்கப்படும் கனத்தையும் பார்க்கவேண்டும். ஒரு சதுர மீட்டர் பாய் எத்தனை கிராம் என்பதையே அது குறிக்கிறது. 120 ஜி.எஸ்.எம். பாயையும் 200 ஜி.எஸ்.எம். பாயையும் விலையால் மட்டும் ஒப்பிடுவது, பதரையும் நெல்லையும் ஒரே மரக்காலால் அளப்பது போன்றதாகும்.

குறைந்தபட்சக் கொள்முதல் என்னும் நிபந்தனைதான் பலரை அதிகமாகச் செலவழிக்க வைக்கிறது. ஒருவருக்குத் தேவைப்படுவது ரூ.760 விலையுள்ள தெளிப்பான் உதிரிப்பாகம். ரூ.999-க்கு மேல் வாங்கினால் ரூ.200 தள்ளுபடி. ஆகவே ரூ.260-க்கு ஒரு டார்ச் விளக்கையும் சேர்க்கிறார். மொத்தம் ரூ.1,020, கூப்பன் போக ரூ.820. இது நன்றா, தீதா? வீட்டில் டார்ச் விளக்கு உண்மையாகவே தேவைப்பட்டிருந்தால், அது ரூ.60-க்குக் கிடைத்துவிட்டது, நல்ல கொள்முதல். தேவை இல்லாதிருந்தால் ரூ.60 விரயம். கூப்பன் ஒன்றுதான், பயன் வீட்டுக்கு வீடு மாறுகிறது. வேண்டிய பொருள்களின் பட்டியலை முன்னதாகவே எழுதி வைத்திருப்பவர் இவ்விடத்தில் தடுமாறமாட்டார்.

இந்நிபந்தனையை ஆதாயமாக மாற்றும் வழியும் ஒன்றுண்டு. ஒரு தெருவில் மூன்று வீட்டாருக்கு முறையே ரூ.400, ரூ.650, ரூ.950 விலையுள்ள பொருள்கள் வேண்டும். தனித்தனியே வாங்கினால் எவருக்கும் கூப்பன் இல்லை. சேர்த்து வாங்கினால் மொத்தம் ரூ.2,000. ரூ.1,999-க்கு மேல் 15 சதவீதம், உச்சவரம்பு ரூ.300 என்றொரு கூப்பன் இருக்குமானால் முழு ரூ.300-உம் கிடைக்கும். அதனை வாங்கிய விகிதப்படி பகிர்ந்தால் முதல்வருக்கு ரூ.60, இரண்டாமவருக்கு ரூ.97.50, மூன்றாமவருக்கு ரூ.142.50. அனுப்புகைச் செலவும் மூன்று முறைக்குப் பதில் ஒரு முறையோடு முடியக்கூடும். இவ்வாறு செய்வோர் தொகையை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொள்வது நல்லது. ஏனெனில், பொருளைத் திருப்பி அனுப்பினால் கூப்பனின் பங்கைக் கழித்துக்கொண்டே பணம் திரும்பும். இரண்டாமவர் தம் பொருளைத் திருப்பினால் அவருக்கு வருவது ரூ.552.50 தான், ரூ.650 அன்று. மீதியைப் பக்கத்து வீட்டார் எடுத்துக்கொண்டார் என்று மனத்தாங்கல் எழ இடம் வைக்கலாகாது.

வாங்குவோர் ஒன்றுகூடுவது நமக்கு அந்நியமான யோசனையன்று. இங்கிலாந்தில் ராச்டேல் என்னும் ஊரில் நெசவாளர் முதலிய தொழிலாளர் 28 பேர் கூடி 1844-ஆம் ஆண்டில் ஒரு கடை திறந்தனர். கலப்படமற்ற பொருளை விற்று, வந்த இலாபத்தை அவரவர் வாங்கிய அளவுக்கேற்பத் திருப்பிக் கொடுத்தனர். அம்முறையைப் பின்பற்றி 1904-ஆம் ஆண்டில் சென்னைத் திருவல்லிக்கேணியில் நகரக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. கூப்பன் தருவதும் தராததும் விற்பவரின் விருப்பம். கூட்டுறவுக் கடையின் பங்கு ஈவோ வாங்கியவரின் உரிமை. சுய உதவிக் குழுவோ உழவர் உற்பத்தியாளர் நிறுவனமோ உள்ள ஊர்களில், ஐம்பது தார்ப்பாய்க்கு உற்பத்தியாளரிடமே நேராக விலை கேட்டுப் பார்க்கவேண்டும். பெருங்கொள்முதலுக்குக் கிடைக்கும் மொத்த விலைக்கு முன் பெரும்பாலான கூப்பன்கள் நிற்கமாட்டா என்பது எமது கருத்து.

உடனே குறையும் தள்ளுபடியும், பின்னர் வரவு வைப்பதாகச் சொல்லும் ‘கேஷ்பேக்’ என்பதும் ஒன்றல்ல. பின்னது பல வேளைகளில் அக்கடையிலேயே, குறித்த நாளுக்குள் செலவிடவேண்டிய வரவாகவே கிடைக்கும். மறுபடி வாங்கினால்தான் அது பணம். வட்டியில்லாத் தவணை என்பதிலும் வங்கி வட்டி கணக்கிடவே செய்கிறது. அத்தொகையை விலையில் முன்கூட்டியே குறைத்துக் காட்டுகிறார்கள். வட்டிப் பகுதியின் மீது 18 சதவீதச் சரக்கு சேவை வரி நம் தலையில் விழும்.

விவசாய இடுபொருள்களில் கூப்பனை முதலில் பார்ப்பது தவறு. பூச்சிமருந்துகளை உரிமம் பெற்றோர் இணையவழி விற்க 2022-ஆம் ஆண்டு நவம்பரில் விதி திருத்தப்பட்டது. ஆயினும் விற்பவருக்கு உரிமம் உண்டா, காலாவதித் தேதி என்ன, நம் பயிருக்கு ஏற்றதா என்பவற்றுக்குப் பிறகே விலை. விதையிலும் அப்படியே. முளைப்புத் திறன் குறைந்த விதையில் ரூ.100 மிச்சப்படுத்தி ஒரு பருவத்தை இழப்பது சிக்கனமாகாது. கருவிகளில், மானியம் கிடைக்கக் கூடியதா என்று வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்திலோ உழவன் செயலியிலோ முதலில் விசாரிக்கவேண்டும். கூப்பனுக்கு ஆசைப்பட்டு முன்னதாக வாங்கிவிட்ட கருவிக்குப் பின்னர் மானியம் கேட்டு அலைவதில் பயனிராது.

ஊராட்சியின் பொறுப்பில் உள்ளோர்க்கு இங்கு ஒரு வார்த்தை. தெரு விளக்கோ குழாய்ப் பொருளோ மலிவாக வருகிறதென்று சொந்தக் கைப்பேசியில் வாங்குவது நல்லெண்ணத்தால் இருக்கலாம். ஆனால் ஊராட்சிக் கொள்முதல், 1998-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டத்துக்கும் அரசு ஆணைகளுக்கும் உட்பட்டது. அன்றியும், கேஷ்பேக் வந்து சேர்வது வாங்கியவரின் சொந்தக் கணக்கில். ஊராட்சிப் பணத்தில் வந்த ஆதாயம் தனியார் பையில் நிற்பதைத் தணிக்கையாளருக்கு எவ்வாறு விளக்குவது?

பொய்க் கூப்பன்களைப் பற்றியும் கிராம சபையில் எடுத்துச் சொல்லுதல் வேண்டும். தபாலில் சுரண்டல் அட்டை வரும். கார் விழுந்திருக்கிறது, பதிவுக் கட்டணம் கட்டுக என்பார்கள். பரிசுத் தொகை பெற இந்தச் சதுரக் குறியீட்டைப் படம்பிடித்து இரகசிய எண்ணை இடுக என்பார்கள். யு.பி.ஐ. முறையில் இரகசிய எண் பணம் கொடுப்பதற்கே. பெறுவதற்கு அது தேவையே இல்லை. உண்மையான தள்ளுபடிக் குறியீட்டுக்கு முன்பணம் கட்டவேண்டியதுமில்லை. ஏமாந்தவர் வெட்கப்பட்டு மறைக்காமல் 1930 என்னும் எண்ணுக்கு உடனே தெரிவிக்கவேண்டும். விரைந்து தெரிவித்தால் பணத்தை இடையில் நிறுத்த வாய்ப்புண்டு.

நேர்மையான கடையிலும் குறைகள் நேரும். கேட்காத பொருளைக் கூடையில் செருகுதல், ‘இன்னும் ஐந்து நிமிடமே’ என்று பொய்யாக அவசரப்படுத்துதல், கடைசிக் கட்டத்தில் கட்டணங்களைச் சொட்டுச் சொட்டாய்ச் சேர்த்தல் முதலிய 13 உபாயங்களை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023-ஆம் ஆண்டு நவம்பர் 30-இல் வெளியிட்ட நெறிமுறைகளில் தடைசெய்திருக்கிறது. 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, கடையின் குறைதீர் அலுவலர் புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு காணவேண்டும். அங்கே தீராவிடில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குச் சொல்லலாம். அதற்கும் பலனில்லையேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி, கடை எந்த மாநிலத்தில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்கிடலாம். கொடுத்த விலை ரூ.5 இலட்சம் வரையாயின் கட்டணமில்லை. பட்டியல், பணம் செலுத்திய செய்தி, கூப்பன் நிபந்தனை தெரியும் திரைப்படம், உறை பிரிக்கும்போது எடுத்த படம் ஆகியவற்றைப் பொருள் சரியாக இயங்குவது உறுதியாகும் வரையிலாவது அழிக்காமல் வைத்திருக்கவேண்டும். உத்தரவாதம் உள்ள பொருளுக்குப் பட்டியலை அக்காலம் முடியும்வரை பத்திரப்படுத்தவேண்டும்.