ஆப்ப சோடாவும் ஓர் எலுமிச்சம்பழமும்

அன்புள்ள வாசகிக்கு,

பட்டுக்கோட்டைக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. மகனுக்கு அடுத்த மாதம் பிறந்தநாள், சாக்லேட் கேக் வேண்டும் என்கிறான். வீட்டில் ஓவன் கிடையாது. மாமியார் முட்டை சேர்ப்பதில்லை. ஒருமுறை குக்கரில் செய்து பார்த்தபோது கேக் உப்பாமல் அடை மாதிரி உட்கார்ந்துவிட்டது, வாயில் வைத்தால் சோப்புக் கசப்பு. சோடா ஊற்றினால் கேக் நன்றாக எழும்பும் என்று யாரோ சொன்னார்கள், அது கடையில் விற்கும் கோலி சோடாவா, சமையலறையில் இருக்கும் ஆப்ப சோடாவா? இவ்வளவையும் கேட்டிருக்கிறீர்கள். இதே கேள்விகள் இன்னும் பல வீடுகளில் இருக்கும். அதனால் பொதுவிலேயே பதில் எழுதுகிறேன்.

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். ஓவன், முட்டை, வெண்ணெய், பால் இந்த நான்கும் இல்லாமலேயே நல்ல சாக்லேட் கேக் செய்யலாம். ஆப்ப சோடா போதும். ஆனால் சோடாவோடு புளிப்பு ஒன்று சேர வேண்டும். உங்கள் கேக் கெட்டுப்போனது பெரும்பாலும் அந்தப் புளிப்பு இல்லாததால்தான்.

ஆப்ப சோடா, சமையல் சோடா, சோடா உப்பு என்று எந்தப் பெயரில் வாங்கினாலும் பொருள் ஒன்றுதான், சோடியம் பைகார்பனேட். அது காரம். எலுமிச்சைச் சாறு, தயிர், வினிகர் போன்ற புளிப்பைத் தொட்டதும் நுரைத்து, கரியமில வாயுவை விடும். மாவுக்குள் மாட்டிக்கொண்ட அந்த வாயுக் குமிழிகள் சூட்டில் விரியும். விரிந்த நிலையிலேயே மாவு வெந்து இறுகினால் கேக் பஞ்சுபோல் நிற்கும். புளிப்பு இல்லாவிட்டாலும் சூட்டில் சோடா உடைந்து கொஞ்சம் வாயுவைத் தரத்தான் செய்யும். ஆனால் அப்போது மாவில் மிஞ்சுவது சோடியம் கார்பனேட். துணி துவைக்க வாங்குகிறோமே வாஷிங் சோடா, அதிலிருக்கும் அதே சேர்மம். உங்கள் நாக்கில் பட்ட சோப்புக் கசப்பு எங்கிருந்து வந்தது என்பது இப்போது புரிந்திருக்கும்.

இந்த வித்தை உங்களுக்குப் புதியதும் இல்லை. ஆப்பத்துக்கு அரைத்த மாவை இரவு முழுக்கப் புளிக்க வைத்து, காலையில் ஊற்றப் போகும்போது ஒரு சிட்டிகை சோடா கரைத்து விடுகிறீர்கள். புளித்த மாவில் சோடா பட்டதும் நுரை எழும்புகிறது. அங்கே நடப்பதுதான் கேக்கிலும் நடக்கிறது. ஒரே வித்தியாசம், ஆப்ப மாவில் புளிப்பு தானாக வந்துவிடுகிறது, கேக் மாவில் நாம் கொடுக்க வேண்டும்.

சாக்லேட் கேக்கில் அந்தப் புளிப்பைக் கோகோத் தூள் கொஞ்சம் தரும் என்று சமையல் புத்தகங்களில் படித்திருப்பீர்கள். அது உண்மைதான். கோகோ உங்கள் பக்கத்துக்கு அந்நியமான பயிர் அல்ல. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராகக் கோகோ வைத்தவர்கள் இருக்கிறார்கள். அந்தச் செடிக்கு நிழல் வேண்டும், தென்னை அதைக் கொடுக்கும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் தென்னைகளைச் சாய்த்தபோது, அடியில் நின்ற பயிர்களின் நிழலும் சேர்ந்து போனது. கோகோக் காயைப் பார்த்திருந்தால் தெரியும், கிளை நுனியில் தொங்காமல் தண்டிலேயே ஒட்டிக் காய்க்கும். உடைத்தால் வெள்ளைச் சதை சுற்றிய முப்பது நாற்பது கொட்டைகள். அவற்றை அப்படியே வறுத்தால் சாக்லேட் வாசனை வராது. கூடையிலோ பெட்டியிலோ குவித்து மூடி, ஐந்தாறு நாள் புளிக்க விட வேண்டும். சதையின் சர்க்கரையை ஈஸ்ட் சாராயமாக்கும், அதைப் பாக்டீரியா அசிட்டிக் அமிலமாக்கும், குவியல் 45 டிகிரிக்கு மேல் சூடேறும். அந்த அமிலம் கொட்டைக்குள் இறங்குகிறது. கோகோத் தூளின் இயல்பான புளிப்பு அப்படி வந்ததுதான்.

ஆனால் கடையில் நீங்கள் வாங்கும் தூளில் அந்தப் புளிப்பு இருக்கும் என்று நம்பிவிட முடியாது. 19ஆம் நூற்றாண்டில் நெதர்லாந்தைச் சேர்ந்த வான் ஹூட்டன், கோகோவின் புளிப்பையும் துவர்ப்பையும் போக்கக் காரம் சேர்த்துப் பதப்படுத்தும் முறையைக் கொண்டுவந்தார். தூள் கறுப்பாகும், பாலில் எளிதாகக் கலக்கும், புளிப்பு போய்விடும். இன்று நம் கடைகளில் விற்கும் பல தூள்கள் அப்படிப் பதப்படுத்தியவை. பொட்டலத்தின் பின்பக்கம் சேர்மானப் பட்டியலைப் படியுங்கள். அமிலச் சீராக்கி என்ற இடத்தில் 501 என்ற எண் இருந்தால் அது காரம் சேர்த்த கோகோ. அந்தத் தூளோடு சோடாவை மட்டும் போட்டால் காரத்தோடு காரம் சேர்ந்த கதைதான். அதனால் கீழே நான் தரும் அளவில் எலுமிச்சைச் சாறு கட்டாயம். எந்தக் கோகோ வாங்கினாலும் இது கைகொடுக்கும்.

இனி கோலி சோடா. சோடாத் தண்ணீர் என்பது அழுத்தத்தில் வாயுவைக் கரைத்த தண்ணீர். மூடியைத் திறந்ததுமே வாயு வெளியேறத் தொடங்கிவிடும். மாவில் ஊற்றிக் கிளறினால் மிச்சமும் போய்விடும், கேக் இறுகும் வரை நின்று உதவ அதில் ஒன்றும் இருக்காது. அமெரிக்காவில் குளிர்பானம் ஊற்றிக் கேக் செய்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் அங்கே பெரும்பாலும் பெட்டியில் வரும் தயார் மாவில் ஊற்றுகிறார்கள். அந்த மாவில் சோடாவும் அமில உப்பும் முன்பே அளந்து சேர்க்கப்பட்டிருக்கின்றன. கேக்கைத் தூக்குவது மாவிலிருக்கும் அந்தக் கலவை. குளிர்பானம் தருவது ஈரமும் இனிப்பும் வாசனையும். உங்கள் பக்கத்துப் பன்னீர் சோடாவைத் தண்ணீருக்குப் பதிலாக ஊற்ற ஆசையிருந்தால் தாராளமாக ஊற்றுங்கள், ரோஜா வாசனை சாக்லேட்டோடு நன்றாகப் பொருந்தும். சர்க்கரையில் 2 மேசைக்கரண்டி குறைத்துக்கொள்ளுங்கள். ஆப்ப சோடாவும் எலுமிச்சையும் அப்போதும் வேண்டும்.

முட்டையும் வெண்ணெயும் இல்லாத கேக்கை மட்டமாக நினைக்க வேண்டாம். 1930களின் பெரும் பொருளாதார மந்தத்திலும் இரண்டாம் உலகப் போர்க்காலப் பங்கீட்டிலும் முட்டை, பால், வெண்ணெய் கிடைக்காமல் தவித்த அமெரிக்க வீடுகளில் பெண்கள் கைப்பழக்கத்தில் வளர்த்த கேக் இது. கோகோ, சோடா, வினிகர், எண்ணெய், தண்ணீர், அவ்வளவுதான். கிடைப்பதை வைத்துச் சமாளித்த ஒரு முன்னோடி நம் பக்கத்திலும் உண்டு. 1883இல் தலச்சேரியில் மாம்பள்ளி பாப்பு என்பவர், வெள்ளைக்காரத் தோட்ட முதலாளி ஒருவர் கேட்டதற்காகக் கிறிஸ்துமஸ் கேக் செய்தார் என்றும், பிரெஞ்சு பிராந்திக்குப் பதிலாக முந்திரிப் பழத்திலும் கதலி வாழையிலும் வடித்த உள்ளூர்ச் சாராயத்தைச் சேர்த்தார் என்றும் சொல்கிறார்கள். ஊரில் கிடைப்பதை வைத்து ஊருக்கேற்ற கேக் செய்வது நம்மிடம் பழைய வழக்கம். நீங்களும் அதையே செய்யுங்கள். பட்டுக்கோட்டையில் தேங்காய் எண்ணெய் இருக்கும்போது வெண்ணெயைத் தேட வேண்டியதில்லை.

அளவுகள் இவை. கப் என்றால் 240 மில்லி, கரண்டிகள் எல்லாம் தலைதட்டிய அளவு.

மைதா ஒன்றரை கப், ஏறக்குறைய 190 கிராம்
சர்க்கரை 1 கப், 200 கிராம்
இனிப்பில்லாத கோகோத் தூள் கால் கப்
ஆப்ப சோடா 1 தேக்கரண்டி
உப்பு அரைத் தேக்கரண்டி
எலுமிச்சைச் சாறு 1 மேசைக்கரண்டி
தேங்காய் எண்ணெய் மூன்றில் ஒரு பங்கு கப்
தண்ணீர் 1 கப்
வெனிலா எசன்ஸ் 1 தேக்கரண்டி, இல்லாவிட்டால் இரண்டு ஏலக்காய் பொடித்தது

சோடா வீட்டில் வெகுநாளாகக் கிடக்கிறதா? ஒரு சிட்டிகையை எலுமிச்சைச் சாற்றில் போடுங்கள். சட்டென்று பொங்கினால் நல்லது, சோம்பலாக நுரைத்தால் புதிது வாங்குங்கள். வாங்கும்போது சமையலுக்கானதுதானா என்று பார்த்து வாங்குங்கள். மளிகைக் கடையில் வாஷிங் சோடாவும் இருக்கும், அதை வாயில் வைக்கக் கூடாது.

முதலில் குக்கரைத் தயார் செய்யுங்கள். அடிகனமான, ஐந்து லிட்டருக்குக் குறையாத குக்கர் வேண்டும். மூடியிலிருந்து ரப்பர் வளையத்தையும் வெயிட்டையும் கழற்றி வெளியே வைத்துவிடுங்கள். இதை ஒருபோதும் மறக்கக் கூடாது. தண்ணீர் ஊற்றாத குக்கரை வளையமும் வெயிட்டும் போட்டு மூடி அடுப்பில் வைப்பது ஆபத்து. உள்ளே ஒரு கப் கல்லுப்பைப் பரப்பி, மேலே ஓர் உலோக வளையமோ சிறிய தட்டோ வைத்து, மூடிபோட்டு மிதமான தீயில் பத்து நிமிடம் சூடாக்குங்கள். ஏழு அங்குல அகலமுள்ள அலுமினியப் பாத்திரம் ஒன்றில் எண்ணெய் தடவி அடியில் காகிதம் போட்டுக்கொள்ளுங்கள். நெருப்பில் வாட்டிய வாழையிலையும் ஆகும். மாவு ஊற்றினால் பாத்திரம் பாதிதான் நிரம்ப வேண்டும், மீதி கேக் எழும்புவதற்கு.

மைதா, கோகோ, சோடா, உப்பு நான்கையும் சேர்த்து இரண்டு முறை சலியுங்கள். சோடா கட்டி ஒன்று தங்கினாலும் அந்த இடம் கசக்கும். இன்னொரு பாத்திரத்தில் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து எண்ணெயும் எசன்ஸும் சேருங்கள். எலுமிச்சைச் சாற்றைக் கடைசியில் விட்டு, உடனே மாவில் ஊற்றி, உலர்ந்த மாவு மறையும் வரை மட்டும் கிளறுங்கள். அடித்துக் கலக்கினால் மைதாவில் பசை ஏறிக் கேக் ரப்பராகும்.

இங்கேதான் உங்கள் கடிதத்தில் இருந்த ஒரு வரிக்கு வருகிறேன். மாவைக் கலந்து அரை மணி நேரம் மூடி வைத்ததாக எழுதியிருந்தீர்கள். இட்லிக்கு அது சரி. இட்லி மாவில் இருப்பவை உயிருள்ள நுண்ணுயிரிகள், அவை நேரம் ஆக ஆக வாயுவை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். சோடாவுக்கு உயிர் கிடையாது. புளிப்பைத் தொட்ட நிமிடத்திலிருந்து வாயுவை விடும், அளவு தீர்ந்தால் நின்றுவிடும். உங்கள் மாவில் கொஞ்சம் புளிப்பு இருந்திருந்தாலும், மூடி வைத்த அந்த அரை மணியில் அது தந்த வாயுவில் பெரும் பகுதி போய்விட்டிருக்கும். டெல்டாவில் நெல்லோடும் மாவோடும் வளர்ந்த கைகளுக்குக் காத்திருப்பது பழக்கம். சோடாக் கேக்கில் மட்டும் காத்திருக்கக் கூடாது. குக்கர் சூடான பிறகுதான் எலுமிச்சைச் சாற்றை மாவில் சேர்க்க வேண்டும்.

பாத்திரத்தை உள்ளே இறக்கி, மூடி, தீயைக் குறைத்து நாற்பது நிமிடம் விடுங்கள். முதல் அரை மணி திறக்கவே வேண்டாம், இறுகாத மாவு குளிர்காற்றில் அமுங்கிவிடும். பிறகு ஓர் ஈர்க்குச்சியை நடுவில் செருகி எடுங்கள். மாவு ஒட்டாமல் வந்தால் வெந்துவிட்டது, ஒட்டினால் இன்னும் ஐந்து பத்து நிமிடம் விடுங்கள். ஓவன் உள்ளவர்கள் 180 டிகிரியில் 30 முதல் 35 நிமிடம் வைக்கலாம். வெந்த கேக்கை முழுதும் ஆறிய பிறகு கவிழ்த்து எடுங்கள், சூட்டில் எடுத்தால் உடையும்.

எலுமிச்சை இல்லாத நாளில், 1 கப் தண்ணீருக்குப் பதிலாக அரை கப் புளித்த தயிரும் அரை கப் தண்ணீரும் கலந்து ஊற்றலாம். மைதா பிடிக்காதவர்கள் கோதுமை மாவில் செய்யலாம், 2 மேசைக்கரண்டி தண்ணீர் கூடுதலாக வேண்டும், கேக் சற்றுக் கனமாக இருக்கும். நம் அரிசி மாவில் மட்டும் செய்தால் உதிர்ந்துவிடும், ஏனென்றால் குமிழியைப் பிடித்து வைக்கும் பசை அதில் இல்லை. மைதாவில் கால் பங்கை எடுத்துவிட்டு அரிசி மாவு சேர்த்தால் மிருதுவாக வரும்.

சோடாவைக் கூட்டிப் போட்டால் கேக் கூடுதலாக எழும்பும் என்று நினைத்துவிடாதீர்கள். குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து உடைந்து நடுவில் குழி விழும், நிறம் செம்மை கலந்து கருக்கும், கசப்பு ஏறும். ஒரு தேக்கரண்டி சோடாவில் ஏறக்குறைய 1,250 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. பத்துத் துண்டாக வெட்டினால் ஒரு துண்டுக்கு 125. மாமியாருக்கு ரத்தக் கொதிப்பு இருந்தால் சேர்க்கும் உப்பை விட்டுவிடுங்கள், சிறிய துண்டாகக் கொடுங்கள்.

மேலே கிரீம் வேண்டுமா என்று மகன் கேட்பான். தேங்காயைத் துருவி, நெய்யில்லாமல் வெறும் வாணலியில் பொன்னிறமாக வறுத்துத் தூவுங்கள். உங்கள் மண்ணில் விளைந்ததை விட அந்தக் கேக்குக்குப் பொருத்தமான அலங்காரம் வேறில்லை.

பேக்கரியில் வாங்குவதில் தவறில்லை, அதுவும் ஒருவரின் பிழைப்பு. ஆனால் ஒரு பண்டம் ஏன் எழும்புகிறது, ஏன் கெடுகிறது என்று தெரிந்துகொண்டு நம் கையால் செய்வதில் ஒரு சுதந்திரம் இருக்கிறது. அந்தச் சுதந்திரம் பட்டணத்துச் சமையலறைகளுக்கு மட்டும் உரியதில்லை. எலுமிச்சைச் சாற்றை விடும்போது மகனைப் பக்கத்தில் நிறுத்தி அந்த நுரையைக் காட்டுங்கள். பள்ளிக்கூடத்தில் அமிலம், காரம் என்று படிக்கும்போது அவனுக்கு மறக்காது.

சோடாவை அளந்து போடுங்கள், புளிப்போடு போடுங்கள், கலந்ததும் அடுப்பில் ஏற்றுங்கள். இந்த மூன்றையும் விடாமல் செய்தால் உங்கள் கேக் எழும்பும். உங்கள் மகனுக்கு என் பிறந்தநாள் வாழ்த்துகளைச் சொல்லுங்கள்.

அன்புடன்.