புண் சீழ் பிடித்தால்

மண்வெட்டி பட்டோ, பற்றை வெட்டும்போது முள் ஏறியோ காலில் புண் வருவது கமக்காரராகிய நமக்குப் புதிதல்ல. இடம்பெயர்ந்து கொட்டிலில் இருக்கும்போது அதே புண் இலகுவில் ஆறுவதில்லை. தண்ணீர் குறைவு, செருப்பில்லை, சேற்றில் நடக்காமலும் முடியாது.

இரத்தம் கண்டவுடன் கோப்பித்தூள், சாம்பல், சிலந்தி வலை என்று எதையாவது அப்புகிறோம். சாணமும் வைப்பவர் உண்டு. சாணத்திலும் மண்ணிலும் ஏற்புவலிக் கிருமி இருக்கிறது. கழுவாமல் மருந்து கட்டுவது பழைய வைத்தியமுமல்ல. சுசுருதரின் நூல் திரிபலைக் கசாயத்தால் புண்ணைக் கழுவவும் தேனும் நெய்யும் இட்டுக் கட்டவும் சொல்கிறது.

ஆகவே முதலில் கழுவுவோம். 1 லீற்றர் தண்ணீரைக் கொதிக்க வைத்து, 2 மட்டத் தேக்கரண்டி உப்பிட்டு ஆறவிட வேண்டும். கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவிய பின், அந்த நீரைப் புண்ணில் ஊற்றி ஊற்றி மண்ணையும் சீழையும் அகற்றலாம். ஒரு பிடி வேப்பிலை அவித்து வடித்த நீரால் புண்ணைச் சுற்றியுள்ள தோலைக் கழுவுவது நல்லது.

மேலோட்டமான புண்ணுக்குச் சுத்தமான தேனை மெல்லிதாகப் பூசலாம். தேன் கிருமியிலுள்ள நீரை உறிஞ்சிவிடுவதால் கிருமி பெருகாது. சீனிப்பாகு கலந்த தேன் உதவாது. மஞ்சளும் அப்படித்தான். 2020இல் இறக்குமதி தடைப்பட்டு விலை ஏறியபோது மா கலந்த தூள் விலைப்பட்டதை மறந்திருக்க மாட்டோம். கடைத்தூளைத் திறந்த புண்ணில் தூவாமல் கறிக்கே வைத்திருப்போம். பழைய சேலைத்துணியை அவித்து வெயிலில் உலர்த்திக் கட்டி, தினமும் மாற்ற வேண்டும். கட்டு நனைந்தால் உடனே மாற்ற வேண்டும்.

ஆணி, கம்பி குத்திய ஆழமான காயத்தை வீட்டில் வைத்துப் பார்க்கக்கூடாது. மேலே ஆறி உள்ளே சீழ் கட்டும். மண் பட்ட காயமென்றால், கடந்த 5 வருடங்களுக்குள் ஏற்புத் தடுப்பூசி போடாதவர் அன்றே ஆசுபத்திரிக்குப் போகவேண்டும். சலரோகக்காரர் சிறு புண்ணுக்கும் தாமதிக்கக்கூடாது. அவர்களுக்கு நோ தெரியாமலே புண் உள்ளே பரவிவிடும்.

காய்ச்சல், கவட்டில் நெறி, புண்ணிலிருந்து மேலேறும் சிவப்புக் கோடு, கறுத்த சதை, கெட்ட மணம், இவற்றில் ஒன்று கண்டாலும் பரியாரியாரின் எண்ணெய்க்குக் காத்திராமல் புறப்பட வேண்டும். தாடை இறுகி வாய் திறக்க முடியாவிட்டால் இரவென்றும் பாராமல், கிடைக்கும் வாகனத்தில் கொண்டு போங்கள்.