நுரைக்கு யார் பொறுப்பு?

துணி வாங்கத்தான் டெல்லியே சரோஜினி நகருக்கு வருகிறது. அங்கே குடியிருப்பவர்களுக்கு அது வேறு ஊர். வினய் நகர் என்று பெயர் இருந்த நாளிலிருந்தே மத்திய அரசு ஊழியர்களாக வந்த தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்த இடம். பிள்ளையார் கோயில் இருக்கிறது, பக்கத்து லக்ஷ்மிபாய் நகரில் டெல்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் (டி.டி.ஈ.ஏ.) பள்ளி இருக்கிறது. பழைய குவார்ட்டர்ஸ்களை இடித்துவிட்டு அடுக்குமாடிகள் எழுப்பினாலும் கோயில் வாசல் பேச்சு மட்டும் குறையவில்லை. வீட்டிலேயே குளியல் சோப்பு செய்து பார்க்கும் ஆசை ஒருவருக்கு வந்துவிட்டால் போதும், ஆளுக்கொரு யோசனை கிடைக்கும். அதில் பாதி தவறு, கால்வாசி ஆபத்து.

எல்லோருக்கும் வேண்டியது ஒன்றுதான்: குமிழியும் பொங்க வேண்டும், வெண்ணெய் மாதிரி வழவழப்பும் இருக்க வேண்டும். அது வராதபோது செய்முறையைத் திட்டுகிறோம், எண்ணெயைத் திட்டுகிறோம். குளியலறைக் குழாயை யாரும் சந்தேகப்படுவதில்லை. இந்த ஊரில் முதல் சந்தேகம் அங்கேதான் போக வேண்டும் என்பது என் கட்சி.

நம்பிக்கை: "சோப்பு சரியா அமையலை, அதான் நுரையே வரலை."

அமைந்திருக்கும். தண்ணீரைப் பாருங்கள்.

சோப்பு என்பது கொழுப்பு அமிலத்தின் சோடிய உப்பு. தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் இருந்தால் அவை சோடியத்தை வெளியே தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். அப்படி உண்டாகும் கால்சியம் சோப்பு தண்ணீரில் கரையாது, நுரைக்கவும் நுரைக்காது. வாளி விளிம்பில் பிசுபிசுவென்று ஒட்டும் சாம்பல் நிறப் படிவு அதுதான். தலைக்குத் தேய்த்தால் முடி சிக்குப் பிடிப்பதும் அதனால்தான். தண்ணீரில் உள்ள கால்சியம் முழுக்கத் தன் பங்கை வாங்கிக்கொண்ட பிறகு மிஞ்சும் சோப்புதான் நுரையாகும்.

எவ்வளவு வாங்கிக்கொள்ளும்? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500, கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்கிறது. வேறு வழியில்லாவிட்டால் 600 வரை பொறுத்துக்கொள்ளச் சொல்கிறது. இடையில் 300 என்று வைத்துக்கொள்வோம். அப்படியான ஒரு லிட்டர் தண்ணீர் ஏறத்தாழ 1.8 கிராம் சோப்பைத் தின்றுவிட்டுத்தான் நுரைக்க விடும். 20 லிட்டர் வாளி முழுவதையும் நுரைக்க வைக்க நினைத்தால் முதல் 36 கிராம் வீண். 100 கிராம் கட்டியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். நாம் வாளிக்குள் சோப்பைக் கரைத்துக் குளிப்பதில்லை, உண்மைதான். ஆனால் உடம்பில் ஊற்றும் ஒவ்வொரு குவளையும் இதே வரியை வசூலித்துக்கொண்டுதான் போகும்.

டெல்லியில் குழாயில் வருவது சுத்திகரித்த யமுனை, கங்கைத் தண்ணீர் என்றால் ஓரளவு தேவலை. அதோடு போர்வெல் கலந்தாலோ டேங்கர் வந்தாலோ கதை மாறிவிடும். இதில் இன்னொரு விசேஷம் உண்டு. சமையலறை ஆர்.ஓ. கருவி வெளியே தள்ளும் கழிவு நீரை வீணாக்க மனமில்லாமல் வாளியில் பிடித்துக் குளியலறைக்குக் கொண்டுபோகிறவர்கள் இருக்கிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் ஆர்.ஓ. பிரித்தெடுத்த உப்பெல்லாம் அந்த வாளியில்தான் இருக்கிறது. குழாய்த் தண்ணீரைவிடவும் கடினமான தண்ணீர் அது. தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள், சோப்பின் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

சந்தேகம் இருந்தால் ஒரு சோதனை. ஒரே மாதிரி இரண்டு பாட்டில், ஒன்றில் ஆர்.ஓ.வில் பிடித்த குடிநீர், மற்றதில் குளியலறைத் தண்ணீர். நீங்கள் செய்த சோப்பைச் சீவி இரண்டிலும் ஒரே அளவு போட்டு மூடிக் குலுக்குங்கள். முதலாவதில் நுரை நின்று, இரண்டாவதில் பால் கலந்த மாதிரி கலங்கி மேலே தயிர்த் திப்பி மிதந்தால் வழக்கு முடிந்தது. ஷாம்புவை வைத்து இதைச் செய்யாதீர்கள், அது இரண்டிலும் நுரைக்கும்.

இதற்கு மருந்தும் உண்டு. மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்றும் டெல்லியில் நிம்பூ சத் என்றும் கேட்டு வாங்கும் சிட்ரிக் அமிலத்தை 500 கிராம் எண்ணெய்க்கு 10 கிராம் அளவில், எண்ணெயைச் சோப்பாக்கும் காஸ்டிக் சோடாவைப் போடுமுன் தண்ணீரில் கரைத்துவிடலாம். அது சோடியம் சிட்ரேட்டாக மாறி, கால்சியத்தைத் தானே கட்டிப்போடும். ஆனால் அமிலமாயிற்றே, காஸ்டிக்கில் ஒரு பகுதியைத் தின்னும். அந்த 10 கிராமுக்கு ஈடாக 6 கிராம் காஸ்டிக் கூடுதலாகப் போட வேண்டும். கடைச் சோப்பு உறைகளில் ஈ.டி.டி.ஏ. என்று போட்டிருப்பார்களே, அதற்கும் இதே வேலைதான்.

நம்பிக்கை: "கடையில வாங்கின கட்டி இதே தண்ணில நுரைக்குதே!"

அது சோப்பாக இல்லாமலும் இருக்கலாம். 1957ல் அமெரிக்காவில் அறிமுகமான டவ் போன்றவை பெரும்பாலும் செயற்கைச் சலவைப் பொருளால் ஆன கட்டிகள். கால்சியம் அவற்றைத் திரித்துவிடுவதில்லை. நீங்கள் வீட்டில் காய்ச்சும் சோப்பை அதோடு போட்டியிட விடுவது நியாயமில்லை.

உறையில் டி.எஃப்.எம். 76 சதவீதம், முதல் தரம் என்று பார்த்துவிட்டு அதுதான் நுரைக்கு உத்தரவாதம் என்று நினைப்பதும் உண்டு. அந்த எண் கட்டியில் எவ்வளவு கொழுப்புச் சத்து என்று மட்டும் சொல்லும். எந்தக் கொழுப்பு என்று சொல்லாது. நுரையைத் தீர்மானிப்பது அந்த இரண்டாவது கேள்வி.

நம்பிக்கை: "தேங்காயெண்ணெய் மட்டும் போதும், நுரை தானா வரும்."

வரும். பொங்கிக்கொண்டு வரும். தேங்காயெண்ணெயில் சுமார் பாதி லாரிக் அமிலம், கூடவே மிரிஸ்டிக். இரண்டும் குட்டைச் சங்கிலிகள், சட்டென்று கரையும், பெரிய பெரிய குமிழி எழுப்பும். கடல் தண்ணீரில்கூடக் கொஞ்சம் நுரைக்கக்கூடியது தேங்காயெண்ணெய்ச் சோப்புதான் என்பதால் கப்பல்களுக்கு அதையே கொடுத்தார்கள். 1940ல் இரிஞ்ஞாலக்குடாவில் கேசவன் வைத்தியர் தொடங்கிய சந்திரிகாவும், 1969ல் சென்னையில் ரயில்வே டாக்டராக இருந்த வி.பி.சித்தன் தன் வீட்டில் கையால் செய்யத் தொடங்கிய மெடிமிக்ஸும் தேங்காயெண்ணெயை நம்பி எழுந்தவையே. வீட்டுச் சோப்பு என்றால் ஏளனமாகப் பார்ப்பவர்களிடம் சித்தன் வீட்டுச் சமையலறையைச் சொல்லலாம்.

ஆனால் அந்தக் குமிழி எழுந்த வேகத்தில் அடங்கிவிடும். வழவழப்பு இருக்காது. தோலில் உள்ள எண்ணெயையும் நன்றாகவே துடைத்தெடுக்கும். டெல்லி டிசம்பரில் அப்படிக் குளித்தவர் கைகால் வெள்ளை பூத்துப்போய்த்தான் வெளியே வருவார். நுரை வழவழவென்று நிற்க வேண்டுமானால் பால்மிட்டிக், ஸ்டியரிக் என்ற நீளச் சங்கிலிகள் வேண்டும். அவை பாமாயிலில் உண்டு. வழுக்கலுக்கு நல்லெண்ணெய் அல்லது கடலையெண்ணெய். எழுந்த நுரையை நீண்ட நேரம் பிடித்து நிறுத்த விளக்கெண்ணெய்.

வெளிநாட்டுச் செய்முறைகளில் ஆலிவ் எண்ணெயும் ஷியா வெண்ணெயும் கேட்பார்கள். அவசியமே இல்லை. நம் வீட்டு அலமாரி போதும்: தேங்காயெண்ணெய் 150 கிராம், பாமாயில் 150, நல்லெண்ணெய் 160, விளக்கெண்ணெய் 40. மொத்தம் 500 கிராம். இதற்குக் காஸ்டிக் சோடா 71 கிராம், தண்ணீர் 142 கிராம், ஆர்.ஓ. தண்ணீர். மேலே சொன்ன எலுமிச்சை உப்பு சேர்த்தால் காஸ்டிக் 77. சுமார் 5 சதவீத எண்ணெய் சோப்பாகாமல் மிஞ்சும்படி போட்ட கணக்கு இது. தோலுக்கு அந்த மிச்சம் வேண்டும். எல்லாம் எடை, அளவுக் குவளை வேண்டாம். தேங்காயெண்ணெய் மட்டும்தான் என்று பிடிவாதம் பிடிப்பவர்கள் 500 கிராமுக்கு 73 கிராம் காஸ்டிக் போட்டு, 20 சதவீதம் எண்ணெயை மிச்சம் விடட்டும். அப்போது அதுவும் குளிக்கத் தக்கதாக இருக்கும்.

விளக்கெண்ணெய் நல்லது என்பதால் இரட்டிப்பாக்கலாமா? வேண்டாம். பத்து சதவீதத்தைத் தாண்டினால் கட்டி பிசுபிசுக்கும்.

நம்பிக்கை: "எந்த எண்ணெயா இருந்தா என்ன, காஸ்டிக் அளவு ஒண்ணுதானே."

இதுதான் கைவெந்துபோகும் நம்பிக்கை. 500 கிராம் தேங்காயெண்ணெயை முழுக்கச் சோப்பாக்க 91 கிராம் காஸ்டிக் வேண்டும். அதே 500 கிராம் கடுகெண்ணெய்க்கு 62 கிராம் போதும். டெல்லியில் கையெட்டும் தூரத்தில் கிடைப்பது கடுகெண்ணெய். தேங்காயெண்ணெய் தீர்ந்துபோயிற்று என்று அதை ஊற்றிவிட்டுப் பழைய அளவையே போட்டால் 30 கிராம்வரை காஸ்டிக் கட்டிக்குள் அப்படியே உட்கார்ந்திருக்கும். எண்ணெய் மாறினால் கணக்கும் மாற வேண்டும். ஒவ்வோர் எண்ணெய்க்கும் சோப்பாக்க எண் உண்டு, அதைப் பார்க்காமல் அடுப்பங்கரைக்குள் போகாதீர்கள். மற்றபடி கடுகெண்ணெயில் நீளமான எரூசிக் அமிலம் அதிகம், நுரைக்கு அது பெரிதாக உதவாது.

நம்பிக்கை: "நாங்க காஸ்டிக்கே போடாம இயற்கையா செய்யறோம்."

காரம் இல்லாமல் சோப்பு இல்லை. உருக்கி ஊற்றும் சோப்புக் கட்டியை வாங்கிச் செய்கிறவர்களுக்கு அந்தக் காரத்தைத் தொழிற்சாலை முன்பே போட்டுக் கொடுத்திருக்கிறது, அவ்வளவே. சமையல் சோடாவை வைத்தும் சோப்பு ஆகாது. சரியாகச் செய்த கட்டியில் காஸ்டிக் மிஞ்சுவதில்லை, எல்லாம் சோப்பாகவும் கிளிசரினாகவும் மாறியிருக்கும்.

காஸ்டிக்கைத் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். காஸ்டிக் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். எவர்சில்வர் பாத்திரம் சரி. அலுமினியம் கூடவே கூடாது, காஸ்டிக் அதை அரித்து ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை, திறந்த ஜன்னல் வேண்டும். குழந்தைகள் வேறு அறையில் இருக்கட்டும். கையில் பட்டால் வினிகர் ஊற்று என்பார்கள். கேட்காதீர்கள். குழாயைத் திறந்து பதினைந்து, இருபது நிமிடம் கழுவுங்கள். கண்ணில் பட்டால் கழுவியபடியே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும்.

நம்பிக்கை: "ஆறு வாரம் வெச்சாதான் காரம் போகும்."

பாதி உண்மை. காரம் பெரும்பாலும் இரண்டு மூன்று நாளிலேயே தீர்ந்துவிடும். அளவு தவறிப் போட்ட காஸ்டிக்கோ ஆறு வாரம் காத்தாலும் போகாது. காத்திருப்பது வேறு காரணத்துக்காக: தண்ணீர் ஆவியாகிக் கட்டி இறுகும், சீக்கிரம் கரைந்துபோகாது, நுரையும் நயமாகும். டெல்லி வெயில் காலத்தில் வறண்ட காற்று இதற்கு உதவும். மழைக்காலத்தில் கட்டி வியர்க்கிறதே என்று பயப்பட வேண்டாம். அது கிளிசரின் காற்றிலிருந்து ஈரத்தை இழுப்பது.

நம்பிக்கை: "சர்க்கரை போட்டா நுரை கூடும்."

கோயில் வாசல் யோசனைகளில் இது மட்டும் சரி. 500 கிராம் எண்ணெய்க்கு ஒரு டீஸ்பூன், காஸ்டிக் போடும் முன் தண்ணீரில் கரைய வேண்டும். பால் சேர்த்தாலும் அதிலுள்ள சர்க்கரை அதே வேலையைச் செய்யும். கூட, பாலாடைக் கொழுப்பும் சேரும். பாலைப் பனிக்கட்டியாக உறையவைத்துப் போடாவிட்டால் காஸ்டிக்கின் சூட்டில் கருகிக் காவி நிறமாகும், வாடையும் அடிக்கும்.

நம்பிக்கை: "கலவை கெட்டியாச்சுன்னா அச்சில ஊத்திடலாம்."

சென்னையில் சரி. ஜனவரியில் டெல்லியில் யோசிக்க வேண்டும். தேங்காயெண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். குளிர்ந்த பாத்திரத்தில் கிண்டும்போது எண்ணெய் வெறுமனே உறைந்து கெட்டியாவதைச் சோப்பு பதம் வந்துவிட்டதாக நினைத்து ஊற்றிவிடுவார்கள். மறுநாள் அச்சில் எண்ணெய் தனியாக, காஸ்டிக் தண்ணீர் தனியாகப் பிரிந்து நிற்கும். எண்ணெயை முழுக்க உருக்கி, நாற்பது டிகிரிபோலச் சூட்டில் வைத்துக் கலக்குங்கள். ஊற்றியதும் பழைய கம்பளியில் சுற்றிவையுங்கள்.

நன்றாக வந்துவிட்டால் அடுத்து விற்கும் ஆசை எழும். பக்கத்து வீட்டுக்குச் சும்மா கொடுப்பது உங்கள் விருப்பம். விலை போட்டால் விஷயம் வேறு. 1982ல் சட்டத் திருத்தம் வரும்வரை அழகுசாதனப் பொருள் என்ற வரையறையிலிருந்து சோப்புக்கு விலக்கு இருந்தது, இப்போது இல்லை. விற்பனைக்குச் சோப்பு தயாரிக்க 2020ஆம் ஆண்டின் அழகுசாதனப் பொருள் விதிகளின் கீழ் மாநில உரிமம் வாங்க வேண்டும். சரோஜினி நகர்ச் சந்தையில் கடை போடுவதற்கு முன் அந்த விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்துவிடுங்கள்.