நைசியா கடவுளாக்கியதா?

கேள்வி: ஈஸா நபியை முஸ்லிம்களான நாங்களும் மதிக்கிறோம். அவரைக் கடவுளாக்கியது கி.பி. 325இல் கூடிய நைசியா சங்கம்தானே? (வாசகர், கல்முனை)

பதில்: இல்லை, காலவரிசை ஒத்துவரவில்லை. பவுல் பிலிப்பியருக்கு எழுதிய நிருபம் இயேசுவுக்குப் பின் சில பத்தாண்டுகளுக்குள் எழுந்தது; அதிலேயே இயேசு தெய்வ ரூபமுடையவர் எனப்படுகிறார். கி.பி. 112 அளவில் ரோம ஆளுநர் பிளினி, கிறிஸ்தவர்கள் விடியுமுன் கூடிக் கிறிஸ்துவைத் தெய்வமாகப் பாடுகிறார்கள் என்று பேரரசன் டிராஜனுக்கு எழுதுகிறார். அவர்களைத் தண்டித்தவரின் சாட்சியம் இது. ஆதலால் எடை அதிகம். நைசியாவில் விசாரிக்கப்பட்டது வேறு வழக்கு. மகனாகிய கிறிஸ்துவும் படைக்கப்பட்டவரே என்றார் ஆரியுஸ் என்பவர். சங்கம் அதை மறுத்தது. பேரரசன் கொன்ஸ்தந்தீனின் அரசியல் அதில் கலந்திருந்தது உண்மை. ஆனால் கிறிஸ்து தெய்வம் என்ற நம்பிக்கை அதற்கு முந்தியது.

பழைய நம்பிக்கை என்பதாலேயே அது உண்மையாகிவிடுமா என்று நீங்கள் கேட்கலாம். ஆகாது. முதல் கிறிஸ்தவர்கள் எதை நம்பினார்கள் என்பதை மட்டுமே வரலாறு காட்டும். அதை ஏற்பதும் மறுப்பதும் அவரவர் ஈமான். வெஸ்லி உயர்தரப் பாடசாலையும் பள்ளிவாசல்களும் உள்ள உங்கள் ஊரில் இதைப் பேச ஆளுக்குப் பஞ்சமில்லை. குர்ஆன் ஈஸாவை மர்யமின் மகன், மஸீஹ் என்கிறது. சிலுவை மரணத்தை மறுக்கிறது. கிறிஸ்தவருக்கோ அந்தச் சிலுவையும் உயிர்ப்புமே ஆதாரம். நைசியாவை விட்டுவிட்டு அதைப் பற்றிக் கேளுங்கள். மெய்யான வேறுபாடு அங்கேதான் இருக்கிறது.