உப்பு ஜாடியும் வேர்க்கடலை மூட்டையும்

ஐப்பசி மழையில் தாம்பரத்து அடுக்களைகளில் உப்பு ஜாடி கசிவதை அங்கத்தினர்கள் அறிவர். கேளம்பாக்கத்து உப்பளத்தில் காய்ந்த உப்பாயினும், காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 75-ஐத் தாண்டியதும் நீரை ஈர்க்கும், குறைந்தால் விட்டுவிடும். தூய நீரின் வீரியம் 1 எனில், தெவிட்டிய உப்புநீரில் அது 0.75 என்பர் ரசாயன அறிஞர். கலவையில் ஒரு பொருளின் அளவு வேறு, அதன் வீரியம் வேறு என்பதை 1907-இல் கணித முறையில் வகுத்தவர் அமெரிக்க அறிஞர் கில்பர்ட் லூயிஸ்.

இவ்வேற்றுமையை அறியாது ஒரு சங்கத்தின் கிடங்கில் நேர்ந்த நஷ்டத்தை நாம் நேரில் கண்டோம். ஈட்டுக் கடனுக்கு வந்த வேர்க்கடலைப் பருப்பை, நெல்லுக்குரிய 14 சதவீத ஈர வரம்பை வைத்தே ஏற்றிருந்தனர். மூட்டைகளில் பூஞ்சணம் பூத்திருந்தது. வேர்க்கடலையில் ஏறத்தாழப் பாதி எண்ணெய். எண்ணெயோ நீரை ஏற்பதில்லை. ஆகவே 10 சதவீத ஈரமே அங்கே பூஞ்சணம் வளரப் போதிய வீரியம் பெறுகிறது. அது விடும் அஃப்ளடாக்சின் நஞ்சு வறுத்தாலும் முற்றும் அகலாது. பருப்புக்கு 7 சதவீதமே தக்க வரம்பு.

நெல்லைச் சோதிக்க உப்பே உதவும். உலர்ந்த கண்ணாடிப் புட்டியில் நெல்லுடன் சிறிது காய்ந்த பொடியுப்பை இட்டு, மூடிக் குலுக்கி, கால் மணி நேரம் வைக்கவும். உப்பு புட்டியின் பக்கங்களில் ஒட்டினால் ஈரம் சுமார் 15 சதவீதத்திற்கு மேல். அந்நெல் மீண்டும் களத்திற்குச் செல்ல வேண்டியதே.