மூன்று வாக்குறுதிகள், ஒரே கருவூலம்

கேள்வி: அமெரிக்காவில் மாநிலச் சட்டமன்றத்துக்குப் போட்டியிடுவோரின் துண்டறிக்கைகளில் கல்வி, வேலைவாய்ப்பு, அரசு ஊழியர் நலன் ஆகிய மூன்றும் அடிக்கடி முன்வரிசையில் நிற்கின்றன. இவற்றில் ஒரு மாநிலச் சட்டமன்ற உறுப்பினரால் மெய்யாகவே செய்யக்கூடியது எவ்வளவு?
– ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், திண்டுக்கல்

பதில்: அமெரிக்க அரசியல் சாசனத்தில் கல்வி என்ற சொல்லே இடம்பெறவில்லை. மத்திய அரசிடம் ஒப்படைக்கப்படாத அதிகாரங்களை அச்சாசனத்தின் 10-ஆவது திருத்தம் மாநிலங்களுக்கும் மக்களுக்கும் விட்டுவிடுவதால், பள்ளிகளை நடத்துவதும் அவற்றுக்குப் பணம் தேடுவதும் ஆசிரியர் தகுதியை வரையறுப்பதும் மாநிலங்களின் பொறுப்பாயின. பள்ளிச் செலவில் மத்திய அரசின் பங்கு ஏறத்தாழப் பத்தில் ஒன்று மட்டுமே. ஆகவே கல்வியைப் பற்றி வாக்குறுதி அளிக்கும் தகுதி, நாடாளுமன்ற வேட்பாளரைவிட மாநிலச் சட்டமன்ற வேட்பாளருக்கே அதிகம். ஆனால் அந்த வாக்குறுதி எந்த வழியாகப் பள்ளிக்குப் போய்ச் சேரும் என்பது துண்டறிக்கையில் அச்சாவதில்லை. அந்த வழியைக் காண விஸ்கான்சின் மாநிலத்தைவிடப் பொருத்தமான இடம் அரிது. கேள்வியில் வரும் மூன்று பொருள்களும் கடந்த பதினைந்து ஆண்டுகளில் அங்கே ஒன்றோடொன்று மோதியிருக்கின்றன.

விஸ்கான்சின் சட்டமன்றம் ஈரவை கொண்டது. கீழவையான அசெம்பிளியில் 99 உறுப்பினர்கள் இரண்டு ஆண்டுகளுக்கும், மேலவையான செனட்டில் 33 உறுப்பினர்கள் நான்கு ஆண்டுகளுக்கும் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். வரவு செலவுத் திட்டம் இரண்டாண்டுக்கு ஒரு முறை நிறைவேறுகிறது. மத்திய அரசைப் போல ஆண்டுதோறும் பற்றாக்குறையைக் கடனால் நிரப்பிக்கொள்ள மாநிலச் சாசனம் இடந்தருவதில்லை. பள்ளிக்கும் ஊழியருக்கும் தொழிற்சலுகைக்கும் பணம் ஒரே பெட்டியிலிருந்துதான் வர வேண்டும் என்பதே இதன் பொருள். மூன்றையும் தனித்தனி இனங்களாக வரிசைப்படுத்தும் வேட்பாளர், எதைக் குறைத்து எதைக் கூட்டுவார் என்பதை அந்த வரிசையாலேயே மறைத்துவிடுகிறார்.

பள்ளிகளை நேரடியாக நடத்துவது மாநில அரசு அன்று. 'பள்ளி மாவட்டம்' எனப்படும் உள்ளாட்சி அமைப்புகள் 400-க்கும் மேற்பட்டவை அங்கு உள்ளன. நம் வருவாய் மாவட்டத்தோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டியதில்லை, ஏனெனில் சில ஊர்களுக்கு ஒன்றாகத் தனித் தேர்தலில் அமைந்த வாரியமும் சொத்து வரி விதிக்கும் உரிமையும் கொண்டது அது. மாநில உதவித்தொகை, சொத்து வரி ஆகிய இரண்டுமே அதன் முதன்மையான வருவாய். இவ்விரண்டின் கூட்டுத்தொகைக்கு மாணவர் எண்ணிக்கையை அடிப்படையாகக் கொண்டு 1993-இல் ஓர் உச்ச வரம்பு வைக்கப்பட்டது. அதைத் தாண்ட விரும்பும் வாரியம் உள்ளூர் வாக்காளரிடம் பொதுவாக்கெடுப்பு நடத்தி ஒப்புதல் பெற வேண்டும். பிற்பாடு விலைவாசியோடு இணைக்கப்பட்டிருந்த வரம்பின் ஆண்டு உயர்வு 2009-இல் அந்த இணைப்பை இழந்தது.

இந்த வரம்பை அறியாமல் கல்வி வாக்குறுதியை வாசிக்க இயலாது. வரம்பை உயர்த்தாமல் பொது உதவித்தொகையை மட்டும் சட்டமன்றம் கூட்டினால், கூட்டிய அளவுக்குச் சொத்து வரி இறங்குமே தவிர வகுப்பறைக்கு ஒரு டாலரும் கூடுதலாகப் போகாது. பள்ளிக்கு வரலாறு காணாத நிதி என்று மேடையில் முழங்கப்படுவதும், அதே ஆண்டில் பள்ளி நூலகர் பணியிடம் நீக்கப்படுவதும் முரண்போலத் தோன்றினாலும் இரண்டும் உண்மையாக இருக்கக்கூடும். வேட்பாளரிடம் கேட்கத்தக்கது, உதவித்தொகையைக் கூட்டுவாரா என்பதன்று. வரம்பை உயர்த்துவாரா, உயர்த்தினால் அந்தப் பணத்தை மாநிலம் தருமா, வீட்டுக்காரர் தருவாரா என்பதே.

கேள்வி: அரசு ஊழியர்கள் அங்கே ஒரு தேர்தல் பொருளாக எவ்வாறு ஆனார்கள்?
– அரசு ஊழியர் ஒருவர், விழுப்புரம்

பதில்: பள்ளி ஆசிரியரும் அரசு ஊழியரே என்பதால் இக்கேள்வி முந்தையதன் தொடர்ச்சியே ஆகும். கூட்டுப் பேரம் என்பது, ஊழியர்கள் தனித்தனியே அல்லாமல் சங்கத்தின் வழியாக ஊதியம், பணி நேரம், காப்பீடு ஆகியவற்றை நிர்வாகத்தோடு பேசி ஒப்பந்தமாக்கிக்கொள்ளும் உரிமை. உள்ளாட்சி ஊழியர்களுக்கு இவ்வுரிமையைச் சட்டமாக்கி 1959-இல் வழிகாட்டிய மாநிலம் விஸ்கான்சின்தான். அமெரிக்காவின் பெரிய அரசு ஊழியர் சங்கங்களுள் ஒன்றான 'ஆஃப்ஸ்மி'யும் 1930-களில் அம்மாநிலத் தலைநகரான மேடிசனில் முளைத்தது. அந்த மண்ணிலேயே அவ்வுரிமை பறிக்கப்பட்டதால்தான் 2011-ஆம் ஆண்டு நிகழ்வுகள் நாடு முழுவதும் பேசப்பட்டன.

2011 ஜனவரியில் ஆளுநராகப் பொறுப்பேற்ற குடியரசுக் கட்சியின் ஸ்காட் வாக்கர், பிப்ரவரியில் 'பட்ஜெட் சீரமைப்பு மசோதா' ஒன்றை முன்வைத்தார். அமெரிக்க மாநிலத்தில் ஆளுநர் என்பவர் நேரடித் தேர்தலில் வெல்லும் ஆட்சித் தலைவர். நம் முதலமைச்சரின் இடத்தில் வைத்து எண்ணத்தக்கவர். மசோதாவின்படி ஊழியர்கள் தம் ஓய்வூதியச் சந்தாவில் பாதியை, அதாவது அன்றைய கணக்கில் ஊதியத்தில் ஏறத்தாழ 5.8 சதவீதத்தை, தாமே செலுத்த வேண்டும். அதுவரை பெரும்பாலும் நிர்வாகமே அதைக் கட்டிவந்தது. மாநில ஊழியர்கள் மருத்துவக் காப்பீட்டுத் தவணையில் 12.6 சதவீதத்தையும் ஏற்க வேண்டும். பேரம் பேசுவது அடிப்படை ஊதியத்தைப் பற்றி மட்டுமே. அதிலும் விலைவாசி உயர்வை மிஞ்சிய ஊதிய உயர்வு பொதுவாக்கெடுப்பின்றிச் செல்லாது. சம்பளத்திலிருந்து சங்கச் சந்தாவைப் பிடித்துத் தருவது நிறுத்தப்பட்டது. சங்கம் ஆண்டுதோறும் மறு அங்கீகாரத் தேர்தலைச் சந்திக்க வேண்டும். அதில் வாக்களித்தவர்களில் அல்ல, அப்பிரிவின் மொத்த ஊழியர்களில் 51 சதவீதத்தினர் ஆதரிக்க வேண்டும். இதே அளவுகோலைச் சட்டமன்ற உறுப்பினர்களுக்கும் வைத்தால் எத்தனை பேர் அவையில் எஞ்சுவர் என்பது வேறு கணக்கு. காவலர்களுக்கும் தீயணைப்பு வீரர்களுக்கும் பெரும்பாலும் விலக்களிக்கப்பட்டது.

நிதி மசோதாவை எடுத்துக்கொள்ள 33 பேர் கொண்ட செனட்டில் 20 பேர் அவையில் இருக்க வேண்டும். ஆளுங்கட்சியிடம் 19 பேரே இருந்தமையால், எதிர்க்கட்சியான ஜனநாயகக் கட்சியின் 14 செனட்டர்களும் பிப்ரவரி 17 அன்று எல்லை தாண்டி இல்லினாய் மாநிலத்துக்குச் சென்றுவிட்டனர்; மேடிசனின் சட்டமன்றக் கட்டடத்தைப் போராட்டக்காரர்கள் வாரக்கணக்கில் நிறைத்திருந்தனர். மார்ச் 9 அன்று, அந்த எண்ணிக்கையைக் கட்டாயமாக்கும் நிதிக்கூறுகளை மசோதாவிலிருந்து உருவி, எஞ்சியதைச் செனட் நிறைவேற்றியது. மார்ச் 11-இல் ஆளுநர் கையெழுத்திட, அது '10-ஆம் எண் சட்டம்' என்ற பெயரில் நிலைத்தது.

பட்ஜெட்டைச் சீரமைக்கவே கூட்டுப் பேரத்தைக் குறைக்க வேண்டியுள்ளது என்று வாதிட்டவர்கள், அதை நிறைவேற்றும் நேரத்தில் அது நிதி தொடர்பானதன்று என்ற வாசல் வழியாகவே நுழைந்தனர். ஓய்வூதியச் சந்தாவும் காப்பீட்டுப் பங்கும் பள்ளி மாவட்டங்களின் செலவை மெய்யாகவே குறைத்தன. அதே சமயம் மாநில உதவித்தொகையும் வருவாய் வரம்பும் வெட்டப்பட்டதால் மிச்சமானதில் பெரும்பகுதி அந்த வெட்டை ஈடுகட்டவே போயிற்று. ஆனால் ஆண்டுதோறும் மறு அங்கீகாரத் தேர்தல் நடத்துவதாலோ சந்தா பிடித்தத்தை நிறுத்துவதாலோ கருவூலத்துக்குக் குறிப்பிடத்தக்க மிச்சம் எதுவும் இல்லை. அவற்றின் இலக்கு சங்கமே என்று கொள்வதுதான் நேர்மையான வாசிப்பு. விளைவும் அவ்வாறே அமைந்தது: அம்மாநிலத் தொழிலாளருள் சங்க உறுப்பினர் 2010-இல் 14.2 சதவீதமாக இருந்து 2016-இல் 8.1 சதவீதமாகச் சரிந்தனர்.

வாக்காளர் தீர்ப்பு ஊழியர் சங்கங்கள் எதிர்பார்த்ததுபோல் வரவில்லை. பதவிக் காலத்தின் நடுவே ஒருவரை நீக்குவதற்காக மனுவின் பேரில் நடத்தப்படும் திருப்பியழைத்தல் தேர்தலில், 2012 ஜூன் 5 அன்று வாக்கர் ஏறத்தாழ 53 சதவீத வாக்குகளுடன் வென்றார். பள்ளிக் கல்வித் துறையின் தலைவராகத் தேர்தல் வழியே வந்திருந்த டோனி எவர்ஸ் அவரை 2018-இல் தோற்கடித்தபோதும் சட்டமன்றம் குடியரசுக் கட்சியிடமே இருந்தமையால் சட்டம் மாறவில்லை. 2024 டிசம்பரில் டேன் கவுண்டி நீதிபதி ஒருவர், காவல் பணி சார்ந்த பிரிவுகளுக்கிடையே சட்டம் காட்டிய பாகுபாட்டுக்குத் தக்க காரணம் இல்லையென்று கூறி அதன் பெரும்பகுதியைச் செல்லாதது என அறிவித்தார். மேல்முறையீட்டால் அத்தீர்ப்பு நிறுத்திவைக்கப்பட்டது.

கேள்வி: வேலைகளை உருவாக்குவோம் என்ற வாக்குறுதியை எவ்வாறு மதிப்பிடுவது?
– கல்லூரி மாணவி, காஞ்சிபுரம்

பதில்: எண்ணைச் சொன்னால் எளிது. முதல் பதவிக்காலத்திலேயே தனியார் துறையில் 2,50,000 வேலைகள் என்று வாக்கர் சொன்னார். நான்கு ஆண்டுகள் முடிந்தபோது ஏறத்தாழப் பாதிதான் கைகூடியிருந்தது. ஆனால் சட்டமன்றம் வேலையை விலை கொடுத்து வாங்க முற்படும்போது என்ன நேர்கிறது என்பதற்குப் பாக்ஸ்கான் ஒப்பந்தமே சான்று. ஸ்ரீபெரும்புதூர் அருகே சுங்குவார்சத்திரத்தில் ஐபோன் தயாரிக்கும் அதே தைவான் நிறுவனம், விஸ்கான்சினின் மவுண்ட் பிளசண்ட் கிராமத்தில் 1,000 கோடி டாலர் முதலீட்டில் 13,000 பேருக்கு வேலை தரும் திரைத் தொழிற்சாலை அமைப்பதாக 2017-இல் அறிவித்தது. அதற்காக மாநிலச் சட்டமன்றம் ஏறத்தாழ 300 கோடி டாலர் சலுகையை நிறைவேற்றியது. இச்சலுகையின் பெரும்பகுதி 'திரும்பப் பெறத்தக்க வரித்தள்ளுபடி' ஆகும். கட்ட வேண்டிய வரியைவிடத் தள்ளுபடி மிகுந்தால் மிகுதியை அரசு பணமாகவே கொடுத்துவிடும். அம்மாநிலத்தில் உற்பத்தி நிறுவனங்களுக்கு வரி ஏற்கனவே ஏறத்தாழ இல்லையென்ற நிலை இருந்ததால், இது பெரும்பாலும் நேரடிப் பணப் பட்டுவாடாவே. கொடுத்த பணம் வரியாகத் திரும்பிவர 2043 வரை ஆகும் என்று, கட்சி சாராத சட்டமன்ற நிதி அலுவலகமே அன்று கணக்கிட்டுச் சொல்லியிருந்தது. கணக்கு உறுப்பினர்களின் மேசையில் இருக்கும்போதே மசோதா நிறைவேறியது.

சொன்ன தொழிற்சாலை எழவில்லை. எவர்ஸ் அரசு 2021-இல் திருத்திய ஒப்பந்தத்தில் வேலை 1,454 ஆகவும் முதலீடு 67.2 கோடி டாலராகவும் மாநிலச் சலுகை 8 கோடி டாலராகவும் சுருங்கின. சலுகை, வேலை கொடுத்த பின்னரே பணம் என்ற நிபந்தனையோடு எழுதப்பட்டிருந்ததால் மாநிலக் கருவூலம் பெருமளவு தப்பியது. நிலம் வாங்கியும் சாலையும் குடிநீர்க் குழாயும் அமைத்தும் முன்கூட்டியே கடன்பட்ட உள்ளாட்சிக்கு அத்தகைய பாதுகாப்பு இருக்கவில்லை. இன்று அந்த நிலப்பரப்பின் பெரும்பகுதியில் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் தரவு மையம் எழுகிறது.

கேள்வி: விஸ்கான்சினில் பள்ளி நிதி 2425-ஆம் ஆண்டு வரை உயர்த்தப்பட்டதாக ஒரு செய்தி வந்ததே, அச்சுப்பிழையா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: பிழையன்று. நிதி மசோதாவின் பகுதிகளை மட்டும் தேர்ந்து நீக்கும் அதிகாரம் அம்மாநில ஆளுநருக்கு 1930 முதல் உண்டு. 2023-24, 2024-25 ஆகிய இரு கல்வியாண்டுகளுக்கு மாணவர் ஒருவருக்கு ஆண்டுதோறும் 325 டாலர் வீதம் வருவாய் வரம்பை உயர்த்தும் பிரிவில், சில சொற்களையும் '20' என்ற இலக்கங்களையும் ஒரு சிறுகோட்டையும் 2023-இல் எவர்ஸ் அடித்துவிட, எஞ்சிய எழுத்துகள் 2425 என்று நின்றன. நானூறு ஆண்டுகளுக்கு நீளும் இந்த உயர்வை மாநில உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் 4-க்கு 3 என்ற கணக்கில் ஏற்றது.

முதல் பதிலில் சொல்லப்பட்ட வேறுபாடு இங்கே மீண்டும் தலைகாட்டுகிறது. உயர்ந்தது வரம்பு, உதவித்தொகை அன்று. அதன் பிறகு 2025 ஜூலையில் கையெழுத்தான பட்ஜெட்டில் மாற்றுத்திறன் மாணவர் கல்விக்கான ஈட்டுத்தொகை கூட்டப்பட்டதே தவிர, பொது உதவித்தொகை கூட்டப்படவில்லை. எனவே 325 டாலரை முழுமையாகப் பயன்படுத்தும் வாரியம் அதன் பெரும்பகுதியைச் சொத்து வரியிலிருந்தே எடுக்க வேண்டும். உதவித்தொகையைக் கூட்ட மறுத்த உறுப்பினர் வரி உயர்வுக்கு ஆளுநரின் பேனாவைக் காட்டுவார். ஆளுநர் தரப்போ சட்டமன்றத்தின் கைமுடக்கத்தைக் காட்டும். வரிச்சீட்டு வீட்டுக்கு வருவது டிசம்பரில். சட்டமன்றத் தேர்தல் நடப்பது நவம்பரில்.