640 கே.பி.க்கு மேல் ஏன் இல்லை?

"4 எம்.பி. ரேம் இருக்கு, அப்புறம் ஏன் டாஸ் மெமரி போதாதுன்னு சொல்லுச்சு?" பழைய கம்ப்யூட்டர் பற்றிப் பேசினாலே வரும் கேள்வி இது. நான் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

1981-ல் வந்த ஐ.பி.எம். பி.சி.யில் இருந்தது இன்டெல் 8088. அதற்கு 20 அட்ரஸ் லைன்கள். ஒவ்வொரு லைனிலும் 0 அல்லது 1 தானே? ஆக, 2-ன் அடுக்கு 20, அதாவது 10,48,576 முகவரிகள். முகவரிக்கு ஒரு பைட் என்றால் 1 எம்.பி. அதற்கு மேல் ரேம் இருந்தாலும் அது கதவு எண் இல்லாத வீடு, தபால்காரர் வரமாட்டார்!

1024 கே.பி.யில் மீதி 384 எங்கே போச்சு? வீடியோ மெமரி, ரோம் பயாஸ், கார்டுகள் ஆகியவற்றுக்கு மேல்பகுதியை ஒதுக்கிவிட்டார்கள். டாஸுக்கும் புரோகிராமுக்கும் கீழே உள்ள 640 தான்.

1985-ல் வந்த 80386, 4 ஜி.பி. வரை எட்டும். ஆனால் பழைய புரோகிராம்களும் ஓடணுமே! அதனால் டாஸ் 8088 போன்ற ரியல் மோடிலேயே ஓடியது. 1991-ல் டாஸ் 5.0, ஹைமெம்.சிஸ் துணையோடு தன்னில் ஒரு பகுதியை 1 எம்.பி.க்குச் சற்று மேலே ஏற்றி இடம் மிச்சப்படுத்தியது.

2001-ல் வந்த 32-பிட் விண்டோஸ் எக்ஸ்.பி.யிலும் இதே கதை. 4 ஜி.பி. போட்டாலும் 3 ஜி.பி. சொச்சம்தான் காட்டியது, மற்ற முகவரிகள் சாதனங்களுக்குப் போயிடுச்சு.

ஆகவே நண்பர்களே, ரேம் எவ்வளவுன்னு மட்டும் கேட்காதீங்க. முகவரி எத்தனை, அதில் யாருக்கு எவ்வளவு என்றும் கேளுங்கள். வைவாவில் மெமரி மேப் கேள்வி வந்தால் விடையும் இதுதான்.